கொட்டை எழுத்து

"கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கண் தெரியவில்லையா?" என்று நம்மை யாராவது ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். ரயில்வே ஸ்டேஷனில் கேட்டிருப்பார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டிருப்பார்கள், தாலுகா ஆபீஸில் நிச்சயமாகக் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குள் ஓர் அநுமானம் ஒளிந்திருக்கிறது. எழுத்தைக் கனமாக்கியதோடு போட்டவனுடைய கடமை தீர்ந்துவிட்டது, இனி எல்லாம் படிக்கிறவன் பாடு என்பதுதான் அது. இந்த அநுமானம் சரிதானா என்று யோசிக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் கதை ஒன்று வெளியாயிற்று. கணவன் கட்டிய வீட்டை விற்றுவிட்டு ஒரு கிழவி பிள்ளையின் ஊருக்குப் போகிறாள். பத்திரம் பதிவாகிவிட்டது. வாங்கினவர் கையில் சாவியைக் கொடுக்கும்போது, "பூட்டை மட்டும் மாத்திராதீங்க" என்கிறாள். அது அவர் காதில் விழுந்ததோ, இல்லையோ, மோட்டார் ஸ்விட்சைப் பார்க்க அவர் பின்கட்டுக்குப் போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை. வீட்டை வாங்கினவர் கவனிக்காமல் போனதுபோலவே வாசகரும் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போகவேண்டும், பிறகு வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவருக்கு அது ஞாபகம் வரவேண்டும் என்பது என் உத்தேசம். பத்திரிகை வந்தது. பிரித்தேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் பக்கத்தின் நடுவில் கன்னங்கரேலென்று கொட்டை எழுத்தில் நின்றது.

உதவியாசிரியரைக் கேட்டேன். நல்ல மனுஷர், கதையைப் படித்து ரசித்தவர்தான். "அப்படிப் போடலேன்னா கவனிக்கமாட்டாங்க, சார்" என்றார். கவனிக்கக் கூடாது என்றுதான் எழுதினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. ஒரு பக்கத்தில் ஒரு வரியை மட்டும் கறுப்பாக்கிக் காட்டலாம் என்று முதலில் நினைத்த மனிதன் யார், எதற்காக அப்படி நினைத்தான் என்று தேட ஆரம்பித்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில் லண்டன் நகரத்துக்கும் 1845ஆம் வருஷத்துக்கும், கிளாரண்டன் என்ற ஓர் அச்செழுத்துக்கும் போய்ச் சேர்ந்தேன்.

கிளாரண்டனுக்கு முன்னால் கனமான எழுத்தே இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது தெருவில் இருந்தது, புத்தகத்துக்குள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் தார்ன் என்ற லண்டன் எழுத்து வார்ப்பவர் ரோமன் எழுத்துக்களை ஊதிப் பெருக்க வைத்தார். தடித்த கால்கள் மேலும் தடித்து, மெல்லிய கோடுகள் மயிரிழையாகவே நின்றன. உடம்பெல்லாம் சதை வைத்து, கை கால் மட்டும் குச்சியாக இருக்கிற ஆளைக் கற்பனை செய்து பாருங்கள். இதை ஆங்கில அச்சுக்காரர்கள் 'கொழுத்த முகம்' என்ற பொருளில் அழைத்தார்கள். அதைப் பெரிதும் விரும்பியவர்கள் லாட்டரிச் சீட்டு விற்றவர்கள். இங்கிலாந்தில் அரசாங்க லாட்டரி 1826இல் ஒழிக்கப்படும்வரை அதன் விளம்பரத் தாள்களில் இந்தப் பெருத்த எழுத்து ஆர்ப்பாட்டம் செய்தது. தார்ன் 1820இல் இறந்தபின் அவருடைய வார்ப்புச் சாலையை ஏலத்தில் எடுத்த வில்லியம் தாரோகுட் என்பவர், லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டுதான் அதை வாங்கினார் என்று சொல்வார்கள். லாட்டரி வளர்த்த எழுத்தை லாட்டரிப் பணமே வாங்கிற்று! கதையில் எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

அந்தக் காலத்துப் புத்தகப் பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமென்றால் வேறு வழிகள் இருந்தன. தலையெழுத்துக்கள் இருந்தன, சாய்வெழுத்து இருந்தது. சாய்வெழுத்தின் கதையே தனி. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் அதைக் கொண்டு விர்ஜிலின் கவிதைகளை முழுதுமாக அச்சிட்டபோது, அழுத்திக் காட்டுவது அதன் வேலையாக இருக்கவில்லை. கைக்கடக்கமான புத்தகம் முழுவதும் ஓடுகிற எழுத்தாகத்தான் அது பிறந்தது. பிறகுதான் நேர் எழுத்துக்குத் துணையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சாய்வெழுத்தில் ஒரு நாகரிகம் உண்டு. படித்துக்கொண்டே வருகிறவனுக்கு அந்த இடம் வந்தபோதுதான் அது தெரியும். தூரத்திலிருந்து கைதட்டிக் கூப்பிடாது.

ஆனால் தூரத்திலிருந்து கூப்பிடவேண்டிய புத்தகங்களும் உண்டல்லவா? அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ரயில் கால அட்டவணையை ரசித்துப் படிக்கிறவனை நான் பார்த்ததில்லை. இந்தப் புத்தகங்களில் வாசகன் படிக்க வருவதில்லை, தேட வருகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது. விலைப் பட்டியல்கள் வந்தன. பாடப் புத்தகங்களும் வழிகாட்டிகளும் பெருகின. தேடுகிற வாசகன் என்ற புது ஜாதி மனிதன் உண்டானான். போஸ்டர் எழுத்தின் சிறிய அளவுகளைப் பொடி எழுத்தோடு கலந்து பார்த்தவர்கள் முன்பே உண்டு. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கல்யாணப் பந்தியில் கூத்தாடி வேஷத்தோடு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இங்கேதான் ராபர்ட் பெஸ்லி வருகிறார். அவர் தாரோகுட்டின் கூட்டாளி. தொழில் அதே பழைய வார்ப்புச் சாலையில், லண்டன் ஃபேன் தெருவில். பெஞ்சமின் ஃபாக்ஸ் என்ற கைதேர்ந்த வேலைக்காரர் எஃகில் எழுத்துக்களை வெட்டிக் கொடுக்க, 1845இல் பெஸ்லி கிளாரண்டனை வெளியிட்டார். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் அச்சகத்துக்குக் கிளாரண்டன் அச்சகம் என்று ஒரு பெயர் உண்டு. எழுத்தின் பெயரும் அதை ஒட்டி வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற விவரம். பொடி எழுத்துள்ள வரிக்குள்ளேயே சேர்ந்து நிற்கவேண்டும், ஆனால் கண்ணுக்கு முதலில் படவேண்டும் என்ற ஒரே காரியத்துக்காக அது செய்யப்பட்டது. ஊதிப் பெருத்த எழுத்தைச் சுருக்கிச் செய்ததல்ல. பக்கத்து எழுத்தைப் பார்த்து, அதற்கு அண்ணனாக வளர்க்கப்பட்ட எழுத்து.

அதன் உருவத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ரோமன் எழுத்துக்களின் கால் நுனியிலும் தலை நுனியிலும் குறுக்கே ஒரு சிறு கோடு வருமே, அதை ஸெரிப் என்பார்கள். செருப்பு என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. எழுத்து அதைப் போட்டுக்கொண்டுதான் வரியில் நிற்கிறது. கொழுத்த முகத்தில் இந்தச் செருப்பு காகிதம்போல் மெல்லியது. அதற்கு எதிராக 1810களில் வந்த வேறொரு வகையில் செருப்பு மரக்கட்டையாகவே இருந்தது. காலும் கட்டையும் செங்கோணமாக முட்டிக்கொண்டன. கிளாரண்டனில் இரண்டுமில்லை. செருப்பு தடித்தது, ஆனால் கால் அதில் வந்து சேருகிற இடத்தில் ஒரு வளைவு, மரத்தின் அடி தரையில் பரவுகிற மாதிரி. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் மயிரிழை கிடையாது. சின்ன 'ஏ'யின் தலையிலும், 'ஆர்', 'எஃப்', 'சி' ஆகியவற்றின் நுனியிலும் திரட்சியாக ஒரு பொட்டு. பெரிய 'ஆர்' எழுத்தின் கால் கடைசியில் லேசாக மேல்நோக்கி வளையும். அந்த ஓர் இடத்தில் மட்டும் அதற்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி.

மொத்தத்தில் அதைப் பார்த்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பழைய போஸ்ட்மாஸ்டர் ஞாபகம் வருகிறது. பருத்த தேகம், அழுந்தத் தேய்த்த கோட்டு, சத்தம் போடாத குரல். அவரை அழகர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மணியார்டர் வந்திருக்கிறதா என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். கிளாரண்டனின் குணம் அதுதான்: நம்பலாம். அதே சமயத்தில் அதற்கு எட்டாதவையும் உண்டு. ரகசியம் பேச அதனால் ஆகாது. காதல் கடிதத்தையோ இரங்கற்பாவையோ கிளாரண்டனில் கோத்துப் பார்த்தால் போஸ்ட்மாஸ்டர் தந்தியைப் படித்துக் காட்டுவதுபோல் இருக்கும். விஷயம் தெரியும், துக்கம் வராது.

பெஸ்லி காரியவாதி. புதிதாக வந்திருந்த சித்திர உரிமைச் சட்டத்தின்கீழ் தம் எழுத்தைப் பதிவு செய்துகொண்டார். அச்செழுத்துக்கு அப்படிப் பாதுகாப்புத் தேடியவர்களில் அவரே முன்னோடி. ஆனால் சட்டம் கொடுத்தது மூன்றே வருஷம். அது முடிந்ததும் மற்ற வார்ப்புச் சாலைகள் எல்லாம் ஆளுக்கொரு கிளாரண்டன் செய்து விற்றன. பெஸ்லி கோபப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பொருளின் அவசியத்துக்குத் திருட்டைவிட நல்ல சாட்சி ஏது? காலக்கிரமத்தில் ஆங்கில அச்சுக்காரர்களிடம் கிளாரண்டன் என்ற சொல்லே 'தடித்த எழுத்து' என்பதற்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. பெஸ்லி குறைந்துபோகவில்லை, 1869இல் லண்டன் மாநகரத்தின் லார்டு மேயராகவே ஆனார்.

அவருடைய எழுத்து அடைந்த உயர்ந்த ஸ்தானம் எது என்று கேட்டால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத்தான் சொல்வேன். ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக இருந்து தொடங்கிய அந்த அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளியாயிற்று. முதற்பதிப்பு முற்றுப்பெற்றது 1928இல், அவர் இறந்து பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு. அதில் தலைச்சொற்கள் கிளாரண்டனில் நிற்கின்றன. 1755இல் வந்த டாக்டர் ஜான்சனின் அகராதியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஜான்சன் தலைச்சொற்களைப் பெரிய எழுத்துக்களில் கோத்தார். அவை கம்பீரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாச் சொல்லும் கல்வெட்டு மாதிரி ஆகிவிடுகிறது. மர்ரேயின் பக்கத்தில் கண் கறுப்பிலிருந்து கறுப்புக்குத் தாவுகிறது, ஓடையில் கல்லுக்குக் கல் கால் வைத்துப் போகிறதுபோல. வேண்டிய சொல் வந்ததும் நிற்கிறது. நின்றவுடன் கறுப்பெழுத்தை மறந்துவிடுகிறது! பிறகு படிப்பதெல்லாம் பொடி எழுத்தில் உள்ள பொருளையும் மேற்கோளையும்தான். இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அந்த எழுத்தின் தர்மம்.

நம் சென்னைச் சர்வகலாசாலைத் தமிழ் லெக்ஸிகனிலும் இதே முறைதான். 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்த அந்த மகா காரியத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். தலைச்சொல் தடித்த தமிழ் எழுத்தில் நிற்கிறது, பிறகு ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, அதன்பின் பொருள். 'பூட்டு' என்ற சொல்லைப் பார்க்கப் போய்ப் பக்கத்திலிருக்கும் சொற்களில் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்த அநுபவம் எனக்குப் பலமுறை உண்டு. அங்கே அந்தக் கறுப்பு ஒருபோதும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. நானாகத் தேடிப் போனேன், அது வழிகாட்டிற்று.

இதே எழுத்து தெருவுக்குத் திரும்பிப் போனதும் வேறு மாதிரி ஆயிற்று. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் 1827இல் மரத்தில் பெரிய எழுத்துக்களை எந்திரத்தால் கடைந்து எடுக்க வழி கண்டிருந்தார். உலோகத்தில் வார்த்தால் எருமைக் கன்று கனம் கனக்கும் எழுத்துக்கள் மரத்தில் லேசாகவும் மலிவாகவும் கிடைத்தன. கிளாரண்டனையும் அங்கே மரத்தில் கடைந்தார்கள், அகட்டினார்கள், நெருக்கினார்கள், செருப்பைக் காலைவிடத் தடிப்பாக்கி அதற்கு 'பிரெஞ்சுக் கிளாரண்டன்' என்று பெயரும் வைத்தார்கள். சர்க்கஸ் விளம்பரங்களும், தேடப்படும் கொள்ளைக்காரனுக்கு விலை வைத்த சுவரொட்டிகளும் அந்தக் குடும்பத்து எழுத்துக்களில் வந்தன. கௌபாய்ப் படங்களில் குதிரைக்காரன் கிழித்துப்போடுகிற தாளில் இருப்பது அதுதான்.

தெருவில் இருந்தால் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்க தேசியப் பூங்காக்களின் பாதைப் பலகைகளில், பழுப்புப் பின்னணியில் வெள்ளையாக, நெடுங்காலம் நின்றது கிளாரண்டன்தான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதற்குப் பதில் வேறோர் எழுத்து வந்தது. காரில் வேகமாகப் போகிறவனும் ஒரு விதத்தில் தேடுகிறவன்தானே? அருவிக்குப் போகிற பாதை எது என்று அவனுக்குத் தெரிந்தாகவேண்டும். பத்திரிகைகளுக்கும் இந்தக் குடும்பம் செய்த உபகாரம் பெரிது. 1920களின் நடுவில் லினோடைப் கம்பெனி கொண்டுவந்த அயோனிக் என்ற செய்தித்தாள் எழுத்துக்குக் கிளாரண்டனின் உறவு உண்டு. சுழலும் அச்சு எந்திரத்தின் வேகத்திலும் மட்டமான காகிதத்திலும் மயிரிழைக் கோடுகள் முறிந்து மறைந்துபோகும். உருண்டு திரண்ட கோடுகள் பிழைத்து நிற்கும். மங்கிய விளக்கில் பேப்பர் படித்த எத்தனையோ கண்களுக்கு அது சகாயம் செய்தது. 1953இல் ஹெர்மன் ஐடன்பென்ஸ் என்ற ஸ்விட்ஜர்லாந்துக்காரர் ஹாஸ் வார்ப்புச் சாலைக்காகவும், 1955இல் ஃப்ரீமன் கிரா என்பவர் அமெரிக்காவிலும் கிளாரண்டனைப் புதுப்பித்தார்கள். நூறு வருஷத்துக் கிழவனுக்கு மறுபடியும் உத்தியோகம் கிடைத்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ரோமன் எழுத்துக்காரனிடம் ஒரு சொல்லைத் தனிப்படுத்த மூன்று நான்கு ஆயுதங்கள் உண்டு: பெரிய எழுத்து, சிறிய உருவில் பெரிய எழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. சாய்வெழுத்து என்று நாம் போடுவது பெரும்பாலும் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்ததுதான்; தனிப் பிறவி அல்ல. ஆகவே தலைப்பு, உபதலைப்பு, தலைச்சொல், விளம்பரம், அழுத்தம் என்று எல்லாப் பாரத்தையும் தடித்த எழுத்து ஒன்றின் தலையிலேயே ஏற்றிவிட்டோம். ஒரே வேலைக்காரனிடம் சமையலும் தோட்டமும் காவலும் கொடுத்துவிட்டு, அவன் சமையலறையில் தடியைக் கொண்டுவருகிறானே என்று குறைப்பட்டு என்ன பிரயோஜனம்?

அவன் உடம்புக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ் எழுத்து சுழியால் ஆனது. கோட்டைத் தடிப்பாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை குறையும். எங்கள் ஊரில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கே போய் நிற்பேன். கம்பாஸிட்டர் அண்ணாச்சி ஒரு நாள் ஈரப் புரூபைத் தூக்கிக் காட்டினார். கருமாதி நோட்டீஸ், பெயர் கறுப்பெழுத்தில். "பாத்தியால, ணாவுக்குக் கண்ணு அடைச்சிட்டு. செத்தவரு பேரையே படிக்க முடியல" என்றார். எழுத்தின் உள்வெள்ளைக்குக் கண் என்று அவர் பெயர் வைத்திருந்தது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அழுத்தம் கூடக்கூட ண, ஞ, ஐ முதலிய எழுத்துக்களின் கண் அடைந்துபோகிறது. உரக்கக் கத்தினால் சொல் விளங்காமல் போவதற்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் வேண்டாம்.

இன்னொரு விஷயம், இதைவிட முக்கியம். ஆங்கில வாக்கியத்தில் சொற்களின் வரிசை பெரும்பாலும் கட்டுப்பட்டது. இன்ன சொல்லில் குரல் ஏறுகிறது என்று காட்ட அவர்களுக்கு எழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தரித்திரம் இல்லை. 'அவன் வந்தான்' என்பதை 'அவனே வந்தான்', 'அவன்தான் வந்தான்', 'வந்தானே அவன்', 'வந்தது அவன்' என்று எத்தனை விதமாக வேண்டுமானாலும் திருப்பலாம். ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் சொன்னார். அதில் முதலாவது தேற்றம். தேற்றம் என்றால் உறுதி. ஆக, தமிழனுக்குக் கொட்டை எழுத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, மை செலவில்லை. அதைக் கையாளத் தெரியாத எழுத்தாளன்தான் அச்சகத்தின் உதவியைத் தேடுகிறான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் யாராவது 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களை என் மேல் வீசலாம். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை. என் பாட்டி கடைசிவரை படித்தது அவற்றைத்தான். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, விரலை வரியில் ஓட்டி, வாய்விட்டு ராகத்தோடு படிப்பாள். அந்தப் புத்தகங்களில் எல்லா எழுத்தும் ஒரே அளவில் பெரியவை என்பதைக் கவனிக்கவேண்டும். இந்த வரி முக்கியம், அந்த வரி சாமானியம் என்று அவை பாட்டிக்குச் சொல்லவில்லை. மங்கின கண்ணுக்கும், புதிதாக எழுத்துக் கூட்டுகிறவனுக்கும் இடம் கொடுத்தன. நல்லதங்காள் குழந்தைகளைக் கிணற்றில் தள்ளுகிற இடம் மற்ற இடங்களைப்போலவேதான் அச்சாகியிருந்தது. ஆனால் பாட்டியின் குரல் அங்கே வந்ததும் தானாகத் தழைந்துவிடும். எந்த அச்சுக்காரன் அவளுக்கு அடையாளம் போட்டுக் கொடுத்தான்?

இன்று கம்பாஸிட்டர் அண்ணாச்சியும் இல்லை, ஈயமும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் எந்த எழுத்தும் தடித்துவிடும். பெஞ்சமின் ஃபாக்ஸ் எஃகில் ஒவ்வொன்றாக வெட்டியது, நமக்கு விரல் நுனியில். சுலபமானதனால் மலிந்துவிட்டது. செல்போனில் வருகிற செய்திகளைப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் கறுப்பு. எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றால் பின்வரிசைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது; நின்றவனுக்கும் லாபம் இல்லை. பாடப் புத்தகத்தில் முக்கியமான வரிகளைக் கறுப்பாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பையன் அதை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிறான். எது முக்கியம் என்று கண்டுபிடிப்பதுதானே படிப்பு? அதை அச்சுக்காரன் செய்துவிட்டால் பையனுக்கு மீதி என்ன?

என் கதைக்குத் திரும்புகிறேன். சில வருஷங்களுக்குப் பிறகு கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டபோது, முதல் வேலையாக அந்த வாக்கியத்தைச் சாதாரண எழுத்துக்கு மாற்றச் சொன்னேன். வெற்றிப் பெருமிதத்தோடு புரூபைப் படித்தேன். வாக்கியம் செத்துக் கிடந்தது. வாசகர் அதைத் தாண்டிப் போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். ஏன் என்று யோசித்தேன். அதற்கு முன்னால் மூன்று பக்கங்களில் அந்த வீட்டின் பூட்டை நான் ஓர் இடத்தில்கூடக் காட்டியிருக்கவில்லை. கிழவன் அதை எங்கே வாங்கினான், கிழவி தினமும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாளா, சாவி எந்த ஆணியில் தொங்கிற்று, ஒன்றும் இல்லை. ஏற்றாத சுமையைக் கடைசியில் இறக்கிக் காட்டியிருந்தேன். உதவியாசிரியர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டார். பார்த்து, தமக்குத் தெரிந்த மையால் நிரப்பினார். வியாதியை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். மருந்துதான் தப்பு. இத்தனை வருஷமாக நான் அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியையாவது என் பக்கம் திருப்பிக்கொள்ளவேண்டியதாயிற்று.

முதல் பக்கத்தில் நாலு வரி சேர்த்தேன். கிழவி வாசலைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் புறப்படுகிறாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தில் கை வைக்கவில்லை. இப்போது சரியாக இருக்கிறதென்று எனக்குத் தோன்றுகிறது. வாசகர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

கிளாரண்டனிடம் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. சொல்லப்போனால் அதனிடம் மரியாதை கூடித்தான் இருக்கிறது. அகராதியிலும் கால அட்டவணையிலும் மருந்துப் புட்டியிலும் மலைப்பாதைப் பலகையிலும் அது நெடுங்காலம் இருக்கட்டும். தேடுகிறவனுக்கு வழி காட்டட்டும். கதையில் மட்டும் வேண்டாம். அங்கே யாரும் எதையும் தேடி வருவதில்லை.